படகை நிறுத்திய கால்

எங்கள் எதிர் வீட்டம்மாவை முழு உருவமாகப் பார்க்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதுவரை அவர் ஒரு கதவு, கதவில் ஒரு பெயர்ப்பட்டை, அதற்கு மேலே பொட்டளவு கண்ணாடித் துளை. காலையில் நான் வெளியே வந்தால் துளைக்குப் பின்னால் வெளிச்சம் மறையும். ஆள் நிற்கிறார் என்று அர்த்தம். நான் பூட்டி, மூன்று மாடி இறங்கி, தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் மேலே அவருடைய பூட்டு திரும்பும். முதலில் என் நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று வருந்தினேன். பிறகு என் சாம்பார் வாசனைக்கு என்று வருந்தினேன். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டபோது அவள் சிரித்தாள். பின்லாந்தில் பாதிப் பேர் அப்படித்தானாம். படிக்கட்டில் அக்கம்பக்கத்து ஆள் இருந்தால் அவர் போகும்வரை உள்ளேயே காத்திருப்பார்களாம். எதிரே வந்துவிட்டால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொன்னால் அவரும் பதில் சொல்ல வேண்டும், எதற்கு இரண்டு பேருக்கும் சிரமம் என்கிற மரியாதை. தானும் காலையில் அதனால்தான் தாமதமாக வந்ததாகச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

அரியலூர்க்காரனுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்கம் ஒருவன் கதவுக்குப் பின்னால் பதுங்கி நின்றால் முதலில் அடி, பிறகுதான் விசாரணை. இங்கே பதுங்காதவன்தான் முரடன். ஒரு நாள் கையுறையை மறந்து பாதிப் படியில் திரும்பி ஏறினேன். எதிர் வீட்டம்மா கையில் சாவியோடு வெளியே நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், நீல நிறக் கம்பளித் தொப்பி. ஐந்து மாதத்துப் பாசத்தையும் சேர்த்து ‘ஹெய்’ என்று அவர்கள் ஊர் வணக்கத்தை உரக்கச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் அசையாமல் நின்று, ‘ஹெய்’ என்று தரையைப் பார்த்துச் சொல்லி, மறுபடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு அவர் பஸ்ஸை விட்டிருப்பார். அந்தப் பாவம் எனக்குத்தான்.

வேடிக்கை என்னவென்றால், நான் இந்தத் தம்பரே நகரத்துக்கு வந்ததே பதுங்குவதற்காகத்தான். பதினோரு பேர் கொண்ட ஒரு சின்ன கம்பெனி. கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறோம். விளையாட்டின் பெயரைத் தமிழில் ‘உறங்கும் மணி’ என்று சொல்லலாம். பல நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு துறைமுகப் பட்டணம். அந்த ஊர் வணிகர்கள் பூதங்களைப் பிடித்து மெழுகுவர்த்திகளுக்குள் அடைத்து, கிடங்குகளுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள். மெழுகுவர்த்திகள் கண்ணை மூடிக்கொண்டு எரியும், சத்தம் கேட்டால் விழித்து, காவலாளிகளையும் எழுப்பி, துரத்திக்கொண்டு வரும். நான்கு பேர் நான்கு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நான்கு திருடர்களாகிறார்கள். ஒருவர் பூட்டுத் திறப்பவர், ஒருவர் கூரை மேல் நடப்பவர், ஒருவர் மெழுகுவர்த்தியை ஈர விரலால் அணைப்பவர், ஒருவர் சுமப்பவர். திருட வேண்டிய பொருள் ஒரு வெண்கல மணி. அது ஒரு தடவை ஒலித்தால் ஊரே எழுந்துவிடும். மணியோடு ஆற்றுத்துறைக்கு வந்தால் அங்கே ஒரு படகு நிற்கும். அறுபது எண்ணும்வரைதான் நிற்கும். மூன்று பேர் மணியோடு ஏறிவிட்டால் வெற்றி. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மைக். நாம் மைக்கில் பேசுவது கூட்டாளிகளுக்கும் கேட்கும், மெழுகுவர்த்திகளுக்கும் கேட்கும்.

அதை நாள் முழுக்க விளையாடி எங்கே பழுது இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. என் அப்பா பருத்தி போடுகிற மனிதர். மகன் சம்பளத்துக்கு விளையாடுகிறான் என்பதை அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை, ‘கம்ப்யூட்டர்ல இருக்கான்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். சென்னையிலேயே ஒழுங்கான வேலை கிடைக்கும்போது இது எதற்கு என்று அவர் மறித்தபோது, எனக்காக நின்று சண்டை போட்டவள் செல்வி அக்கா. குன்னத்தில் பள்ளிக்கூட டீச்சர். அவள் குரலுக்குக் கடைசி பெஞ்சில் தூங்குபவனும் எழுந்து நிற்பான். அவள் வீட்டுக்காரர், என் மாமா, பெரம்பலூரில் வெங்காய மண்டி வைத்திருக்கிறார். எனக்கு ஆறு மாதச் சோதனைக் காலம். அது முடியும்போது வேலை உறுதி ஆகாவிட்டால் விசாவும் முடிந்தது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இதை நான் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

விசா என்றதும் இன்னொன்று. வந்த புதிதில் குடியேற்ற அலுவலகத்தில் என் சான்றிதழ்களைப் பார்த்த அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிறப்புச் சான்றிதழில் திருச்சி மாவட்டம், சாதிச் சான்றிதழில் அரியலூர் மாவட்டம், பாஸ்போர்ட்டில் பெரம்பலூர் மாவட்டம். ஏன் இத்தனை தடவை வீடு மாறினீர்கள் என்று கேட்டார். வீடு மாறவில்லை, மாவட்டம்தான் மாறியது என்றேன். திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள், அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், மறுபடி சேர்த்தார்கள், இனியும் பிரிப்பார்கள் என்று ஊரில் பேச்சு என்றெல்லாம் விளக்கினேன். அவர் வெகுநேரம் யோசித்து, அங்கே சண்டையா, நீங்கள் அகதியா என்று மிகுந்த கனிவோடு கேட்டார். இல்லையம்மா, அங்கே யாரும் யாரையும் துரத்தவில்லை, கலெக்டர் ஆபீஸ்தான் போவதும் வருவதுமாக இருக்கிறது என்பதை என் ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. கடைசியில் மூன்றையும் எழுதிக்கொண்டார்.

விளையாட்டுக்கு வருகிறேன். அதில் ஒரு சிக்கல் வந்தது. இந்த ஊர் ஆட்களைக் கூட்டிவந்து சோதித்தால் இரண்டாவது தடவையிலேயே மணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மூச்சு விடுவதில்லை. யாராவது மாட்டிக்கொண்டால் மற்ற மூன்று பேர் நிதானமாகப் படகேறிப் போய்விடுகிறார்கள், மாட்டிக்கொண்டவரும் அதுதான் நியாயம் என்று தலையாட்டுகிறார். பிறந்ததிலிருந்து படிக்கட்டில் பயிற்சி எடுத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி எம்மாத்திரம். என் மேலாளர் யார்மோ, வேறு நாட்டில், தூரத்து இணைப்பில், இதுவரை விளையாடியே இராதவர்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்தவர்கள் பெரம்பலூரில் இருக்கிறார்கள் என்றேன். சேர்ந்து வேலை செய்யக்கூடியவர்களா என்று கேட்டார். குடும்பம் என்றேன். அமைதியானவர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய்களில் அதற்கு ஓர் இடம் உண்டு. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் என் ஆறு மாதத்தையும் முடிவு செய்யப்போவதாக யார்மோ வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனார்.

பெரம்பலூரில் அன்வரின் பிரவுசிங் சென்டர். அன்வர் என்னோடு படித்தவன், லப்பைக்குடிக்காட்டுக்காரன். சார்ஜாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, இனி யாருக்கும் சலாம் போட முடியாது என்று திரும்பிவந்து கடை போட்டான். ஒரு சனிக்கிழமை, எனக்குக் காலை பதினொன்று, அவர்களுக்கு மதியம் இரண்டரை. குறுந்தகட்டில் அனுப்பியிருந்த விளையாட்டை மூன்று கம்ப்யூட்டரில் ஏற்றி, அக்கா பூட்டுத் திறப்பவளாகவும், அன்வர் கூரை நடப்பவனாகவும், மாமா சுமப்பவராகவும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தம்பரேயில் நான் மெழுகுவர்த்தி அணைப்பவன். எனக்குப் பின்னால் யார்மோ நோட்டும் பேனாவுமாக.

முதல் கிடங்கின் கதவை அக்கா திறந்தாள். மாமா வாசலில் நின்றார். தெளிவாக, நிதானமாக, இரண்டு தடவை செருமினார். உள்ளே இருந்த பதினாறு மெழுகுவர்த்தியும் கண்ணைத் திறந்தன.

எங்கள் பக்கத்து ஆண் எவனும் அடுத்த வீட்டு வாசலில் செருமாமல் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டான். உள்ளே பெண்கள் இருப்பார்கள், சேலையைச் சரிசெய்துகொள்ளட்டும், ஆள் வருகிறது என்று தெரியட்டும் என்கிற நாகரிகம். எதுக்கு செருமுனீங்க என்று அக்கா கேட்டாள். “தெரியாதவங்க வூட்டுக்குள்ள சத்தம் குடுக்காம எப்படிப் போறது?” என்றார் மாமா. திருடத்தானே போறோம் என்றாள் அக்கா. அதுக்காக மரியாதை இல்லாமயா போவாங்க என்றார். இவ்வளவும் மைக்கில். பக்கத்துக் கிடங்கும் எழுந்துவிட்டது. அடுத்த தடவை அக்கா, கூரை ஓரத்தில் நடந்த அன்வரைப் பார்த்து, விழுந்துடாதடா தம்பி என்று வகுப்பெடுக்கும் குரலில் கத்தினாள். அதற்கடுத்த தடவை அன்வரின் கடைக்கு யாரோ ரயில் டிக்கெட் அச்செடுக்க வந்தார்கள். வாங்க பாய், உக்காருங்க, டீ சொல்லவா என்று அவன் கேட்க, பட்டணம் முழுவதும் விழித்துக்கொண்டது. யாராவது மாட்டிக்கொண்டால் மீதிப் பேர் ஓடுவதற்குப் பதிலாகக் கூட்டமாகத் திரும்பிப்போய்க் காவலாளிகளின் எதிரே நின்றார்கள். ஊரில் ஒருவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் தெருவே வேன் பிடித்துப் போய் வாசலில் நிற்குமே, அந்தப் பழக்கம். காவலாளிகளுக்கு ஜாமீன் தெரியாது. வந்த எல்லோரையும் உள்ளே தள்ளினார்கள். ஆறு தடவை தோற்றோம். யார்மோவின் பேனா நிற்கவேயில்லை. ஊருக்குத் திரும்பினால் அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நான் அப்போதே ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

ஏழாவது தடவை அக்கா டீச்சரானாள். இனி யார் வாயைத் திறந்தாலும் எழுந்து போயிடுவேன் என்று சொன்னாள். அதன் பிறகு மைக்கில் சத்தமே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அவர்கள் கைச்சாடையில் பேசிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. திரையில் மூன்று உருவங்கள் போவதும் வருவதும் தெரிந்தது, நான் என் மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டு பின்னால் போனேன். எங்கள் ஆட்கள் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மாமா செருமலை விழுங்குவதுகூடக் கேட்டது. மணி கைக்கு வந்தது. ஆற்றுத்துறை வந்தது. நானும் அன்வரும் படகில் ஏறிவிட்டோம், மாமா மணியோடு பலகையருகே வந்துவிட்டார். அக்கா மட்டும் கிடங்கின் கடைசிப் பூட்டில் மாட்டிக்கொண்டாள். எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. தெருமுனையில் மெழுகுவர்த்திகள் வரத் தொடங்கின. மூன்று பேர் போதும். யார்மோ முதல் தடவையாக என் தோள்மேல் குனிந்து, இப்போது அவரை விட்டுவிட்டுப் போக வேண்டும், இதுதான் விளையாட்டு என்றார்.

மாமா ஏறவில்லை. இறங்கவும் இல்லை. வலது காலைப் படகிலும் இடது காலைத் துறையின் பலகையிலும் வைத்து, மணியைக் கட்டிப்பிடித்தபடி நின்றுவிட்டார். ஐம்பத்தெட்டில் எண்ணிக்கை நின்றது. படகு நகரவில்லை. யார்மோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். “சிஸான் வை உலோஸ்?” என்று பின்னிஷ் மொழியில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். உள்ளேயா, வெளியேயா? மூன்று வருடமாக அவர் எழுதிய நிரலுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. ஏறாத ஆள் இருந்தால் காத்திரு, எண்ணு. ஏறிவிட்டால் புறப்படு. பாதி ஏறிய ஆளைப் பற்றி யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

எனக்கு அந்தக் காலைத் தெரியும். அக்கா வீட்டில் தங்கியிருந்த நாளெல்லாம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்த்த கால். அக்கா எதற்கும் நேரத்துக்கு வந்தவளில்லை. குன்னம் பஸ் கிளம்பும்போது மாமா ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு கண்டக்டரிடம் அவர் மகளின் படிப்பு, மாமியார் உடம்பு, ஊரில் மழை என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். விசில் அடிப்பார்கள், டிரைவர் ஆக்சிலேட்டரை உறுமவைப்பார், பஸ் ஒரு சாண் நகரும், மாமாவும் ஒற்றைக் காலில் ஒரு சாண் தத்துவார். நான் பின்லாந்துக்குக் கிளம்பிய அன்றைக்கும் அப்படித்தான். சென்னை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அசல் சான்றிதழ்கள் இருந்த ஃபைலை அக்கா வீட்டிலேயே விட்டுவந்தது தெரிந்தது. அக்கா எடுத்துவர ஓடினாள். மாமா படியில் காலை வைத்தார். டிரைவர் திட்டினார், பயணிகள் திட்டினார்கள், மாமா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். “ஒரு ஆள் வராங்க. வந்துட்டாங்க. இந்தா வந்துட்டாங்க.” அக்கா கண்ணுக்கெட்டிய தூரத்தில் எங்குமே இல்லை. கடைசியில் அவள் மூச்சிரைக்க வந்து ஜன்னல் வழியாக ஃபைலை என் மடியில் எறிந்தாள். போய்ச் சேந்ததும் போன் பண்ணுடா என்பதைக்கூட அவளை முழுதாகச் சொல்ல விடாமல் பஸ் நகர்ந்துவிட்டது. மாமா அந்தக் காலை எடுத்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே முடியாது.

திரையில் அக்கா வந்து சேர்ந்தாள். காவல் மெழுகுவர்த்திகள் நான்கு அடி பின்னால். ஏறியதும் மைக்கில் முதல் சத்தம் அவளுடையதுதான். “கிளம்ப வேண்டியதுதானே, எனக்காக எதுக்கு நிக்கறீங்க?” மாமா காலை உள்ளே எடுத்தார். படகு புறப்பட்டது. அன்வர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, வந்திருந்த பாய்க்கு டிக்கெட் அச்செடுக்கப் போனான்.

திங்கட்கிழமை கூட்டம். இரண்டு மாதம் அந்தப் படகைச் சோதித்தவன் நான்தான், பழுதில்லை என்று கையெழுத்துப் போட்டவனும் நான்தான். முதல் முறை கம்ப்யூட்டர் விளையாட்டைத் தொட்ட ஒரு வெங்காய வியாபாரி அதை ஒரே மதியத்தில் பிடித்துவிட்டார். நான் மனதுக்குள் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். யார்மோ கேட்டது ஒன்றுதான். எதற்காக ஒரு மனிதன் அப்படி நிற்பான்? நான் பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். பத்துப் பேரும் கேட்டார்கள். ஓட்டுநர் இதை அனுமதிப்பாரா என்றாள் ஒருத்தி. அனுமதிக்க மாட்டார், திட்டுவார் என்றேன். மற்ற பயணிகள்? அவர்களும் திட்டுவார்கள். பிறகு? பிறகு வந்தவருக்குத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள் என்றேன். பின்லாந்துக்காரர்கள் யோசிக்கும்போது அறையில் கடிகாரம் மட்டும்தான் பேசும். நல்ல முடிவா கெட்ட முடிவா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசியில் யார்மோ, இது பழுது, ஆனால் எடுக்க வேண்டாம் என்றார். ஒருவர் பாதிக் காலில் நின்றால் படகு காத்திருக்கும், ஆனால் மெழுகுவர்த்திகள் வேகமாக வரும், படகோட்டி திட்டுவான். இதைச் சரியாகச் செய்து முடிக்கும் பொறுப்பு எனக்கு. அப்படியென்றால் என் ஆறு மாதம் என்ன ஆயிற்று என்று நானே கேட்க வேண்டியிருந்தது. அதுதான் சொன்னேனே என்றார். இந்த ஊரில் நல்ல சேதியையும் பதுங்கித்தான் சொல்கிறார்கள்.

படகோட்டியின் திட்டுக்கு மாமாவின் குரலையே பதிவு செய்தோம். “உள்ள ஏறுங்க, உள்ள ஏறுங்க, படியில நிக்காதீங்க.” ஐரோப்பியத் துறைமுகத்தில் ஒரு படகோட்டி பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் தமிழில் சத்தம் போடுகிறான். முதலில் கேட்ட ஆட்கள் அதை ஏதோ பழைய மந்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

வேலை உறுதியான விஷயத்தை அன்று மாலையே அக்காவுக்கு போனில் சொன்னேன். அந்தச் சனிக்கிழமையை வைத்துத்தான் முடிவாயிற்று, நீங்கள் மட்டும் தோற்றிருந்தால் இந்நேரம் நான் ஊருக்கு டிக்கெட் போட்டிருப்பேன் என்று ஒரு பாரம் இறங்கிய மாதிரி எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்குச் சந்தோஷம்தான். அப்பாவிடம் தானே சொல்கிறேன் என்றாள், நான் சொன்னேன்ல என்று அவரிடம் பேசப்போவதையெல்லாம் இப்போதே பேசிக் காட்டினாள். பிறகு கொஞ்ச நேரம் லைனில் ஒன்றும் இல்லை. செல்வி அக்கா பேசாமல் இருந்தால் இணைப்பு போய்விட்டது என்று நினைப்பதுதான் வழக்கம். நான் ஹலோ, ஹலோ என்றேன்.

“இருக்கேன்டா. முன்னாடியே சொல்லியிருந்தா நான் இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருப்பேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான், அவள் என்னை ஊருக்கு வரச் சொன்னது உறைத்தது. என்னை இங்கே அனுப்பச் சண்டை போட்டவள், தனக்கே தெரியாமல் என்னை இங்கேயே நிறுத்திவைக்கவும் உழைத்துக் கொடுத்துவிட்டாள்.

போன வாரம் காலை. குளிர் பூஜ்யத்துக்குப் பதினெட்டு டிகிரி கீழே. நான் கதவைப் பூட்டும்போது வழக்கம்போல எதிர்த் துளையில் வெளிச்சம் மறைந்தது. கையுறையைத் தேடிக்கொண்டிருந்ததில் எனக்கே தாமதம், அதனால் எனக்குப் பின்னால் காத்திருந்தவருக்கு இன்னும் தாமதம். நிறுத்தத்தில் பஸ் வந்து கதவைத் திறந்தது. ஏறுவதற்கு நான் ஒருவன்தான். திரும்பிப் பார்த்தபோது, பனி மூடிய தெருக்கோடியில் நீலத் தொப்பி ஒன்று ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் வந்துகொண்டிருந்தது. கையை ஆட்டவில்லை. நிறுத்துங்கள் என்று சத்தம் போடவில்லை. பஸ் போய்விட்டால் போகட்டும், யாருக்கும் சிரமம் வேண்டாம் என்பதுபோல வந்துகொண்டிருந்தது. இந்த ஊர் பஸ் கடிகார முள்ளுக்குக் கட்டுப்பட்டது, மாமியார் உடம்பைப் பற்றியெல்லாம் ஓட்டுநரிடம் கேட்க எனக்கு மொழி போதாது.

வலது காலைப் படியில் வைத்தேன். இடது காலைப் பனியிலேயே விட்டேன். கதவு மூட வந்து, என் முழங்காலில் இடித்து, திறந்துகொண்டது. மறுபடி வந்து மறுபடி திறந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஓட்டுநர் என் பக்கம் திரும்பி, கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், யார்மோ கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். உள்ளேயா, வெளியேயா?

இடது காலில் குளிர் பூட்ஸைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. வலது காலில் பஸ்ஸின் சூடு. ஓட்டுநரைப் பார்த்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியில், தமிழிலேயே பதில் சொன்னேன்.

“ஒரு ஆள் வராங்க.”